பாலியல் வன்முறை ஆய்வுகள்: எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமூகப்பணி, மகளிரியல், செவிலியர் படிப்பு மாணவர்கள் ஆய்வேட்டுக்குத் தலைப்பு எடுக்கும் பருவம் வந்துவிட்டால், வாட்ஸ்அப் குழுக்களில் கூகுள் ஃபார்ம்கள் சுற்றத் தொடங்கிவிடும். "நீங்கள் எப்போதாவது பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறீர்களா? ஆம் / இல்லை." முந்நூறு பேர் நிரப்புவார்கள். நான்கு சதவீதம் என்றோ நாற்பது சதவீதம் என்றோ ஒரு விடை வரும். சில வாரங்களில் அது செய்தியாகும். அந்த எண் எதை அளந்தது என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. யார் நிரப்பினார்கள், யார் திறந்து பார்த்துவிட்டு மூடினார்கள், வீட்டில் யாருடைய கைப்பேசியில் நிரப்பப்பட்டது, அந்தச் சொல்லை ஒவ்வொருவரும் என்னவென்று புரிந்துகொண்டார்கள், எதுவும் தெரியாது. "ஆம்" என்று தொட்ட பெண் அன்று இரவு தூங்கினாரா என்பதும் தெரியாது. இந்த ஆய்வுகளை வழிநடத்தும் ஆசிரியர்களுக்கும், அவற்றை வெளியிடும் தங்களைப் போன்ற நாளிதழ்களுக்கும் சில நடைமுறைச் செய்திகளைச் சொல்லவே இக்கடிதம்.

எந்தக் கருவி என்று யோசிக்கும் முன் கேள்வி எது என்று தெளிய வேண்டும். எத்தனை பேருக்கு நடக்கிறது என்பது ஒரு கேள்வி. நடந்த பின் காவல் நிலையமும் மருத்துவமனையும் எப்படி நடத்துகின்றன என்பது இன்னொன்று. ஊரார் அதை என்னவென்று பேசுகிறார்கள் என்பது மூன்றாவது. ஒன்றுக்கு உதவும் முறை மற்றொன்றுக்கு உதவாது. முதல் கேள்வியைத் தனி மாணவர் ஒருவர் கையில் எடுக்கவே கூடாது என்பது எங்கள் கருத்து. கணக்குப் போட்டுப் பாருங்கள். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21), 18 முதல் 49 வயதுப் பெண்களில் ஏறக்குறைய 6 சதவீதத்தினர் வாழ்நாளில் பாலியல் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். 150 பேரிடம் கேட்டால் அதே விகிதத்தில் 9 பேர்தான் வருவார்கள். அந்த ஒன்பது பேரை வயது, சாதி, படிப்பு என்று பிரித்து அட்டவணை போட்டால் ஒரு கட்டத்தில் இரண்டு பேர், இன்னொரு கட்டத்தில் ஒருவர் என்று நிற்கும். ஊர்ப் பெயரோடு சேர்த்துப் படிக்கும் உள்ளூர்க்காரருக்கு அந்த ஒருவர் யாரென்று தெரிந்துவிடும். புள்ளிவிவரமாகப் பயனில்லாத அட்டவணை, ஆளைக் காட்டிக்கொடுக்க மட்டும் பயன்படும்.

புதிதாக யாரையும் கேட்காமலே விடை கிடைக்குமா என்று பார்ப்பது அடுத்த வேலை. குடும்ப நல ஆய்வு அறிக்கைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு எச்சரிக்கை: வன்முறை பற்றிய பகுதி, தேர்ந்தெடுக்கப்பட்ட வீடுகளில் ஒரு சிறு பங்கில் மட்டுமே கேட்கப்படுகிறது. அதனால் மாநில அளவுக்குத்தான் அந்த எண் செல்லும். மாவட்டத்துக்கு இறக்கி எழுதக் கூடாது. கணவனால் உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளான பெண்கள் தமிழ்நாட்டில் 38.1 சதவீதம் என்று அந்தச் சுற்று சொல்கிறது. கர்நாடகத்தில் அதே அளவீடு முந்தைய சுற்றில் 20.6 ஆக இருந்து 44.4 ஆகத் தாவியது. ஐந்தாண்டுக்குள் கர்நாடகத்துக் கணவர்கள் இரண்டு மடங்கு கொடியவர்களாகிவிட்டார்கள் என்று நம்புவதைவிட, கேட்டவர்களும் கேட்ட விதமும் மாறியிருக்குமோ என்று சந்தேகிப்பதே முறை. ஒரே வினாத்தாளை வைத்துக்கொண்டே இவ்வளவு ஆட்டம் என்றால், வேறு வேறு வினாத்தாள்களை ஒப்பிட்டு "அதிகரித்தது, குறைந்தது" என்று எழுதுவதை என்ன சொல்வது?

காவல்துறைக் கணக்கு இன்னும் வேறு ரகம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022-இல் நாடு முழுதும் 31,516 பாலியல் வல்லுறவு வழக்குகளைப் பதிவு செய்தது. இது நடந்தவற்றின் எண்ணிக்கை ஆகாது. புகாராக வந்து, முதல் தகவல் அறிக்கையாக மாறியவற்றின் எண்ணிக்கை. ஒரே வழக்கில் பல குற்றப் பிரிவுகள் இருந்தால் தண்டனை அதிகமுள்ள பிரிவின் கீழ்தான் அது எண்ணப்படும். வல்லுறவும் கொலையும் சேர்ந்த வழக்கு இந்த 31,516-க்குள் இல்லை. தனித் தலைப்பில் இருக்கும். 18 வயது நிறைந்த மனைவியைக் கணவன் பலவந்தப்படுத்துவது, இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவில் விதிவிலக்கு. ஆகவே அந்தக் கணக்கில் வராது. குடும்ப நல ஆய்வில் பாலியல் வன்முறையைச் சொன்ன மணமான பெண்களில் மிகப் பெரும்பாலோர் குறிப்பிட்டது கணவனைத்தான். ஆக இரண்டு கணக்குகளும் ஏறத்தாழ வெவ்வேறு உலகங்களை எண்ணுகின்றன. வன்முறையை அனுபவித்த பெண்களில் 14 சதவீதத்தினரே எவரிடமாவது உதவி தேடியதாக அதே ஆய்வு சொல்கிறது. 77 சதவீதத்தினர் உதவியும் தேடவில்லை, ஒருவரிடமும் வாயும் திறக்கவில்லை. ஒரு மாவட்டத்தில் வழக்குகள் கூடினால், அங்கே ஒரு நல்ல பெண் காவல் ஆய்வாளர் வந்து சேர்ந்திருக்கிறார் என்பதாகவும் இருக்கலாம்.

சரி, நேரடியாகக் கேட்டே ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் தடை சொல். "கற்பழிப்பு" என்று கேட்டால், "என் கற்பு அழியவில்லை" என்பதாகவே பதில் வரும். "பாலியல் வன்கொடுமை" என்றால் பல ஊர்களில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நினைத்துக்கொண்டு, "அது பி.சி.ஆர். கேஸுங்களே" என்பார்கள். "ஈவ் டீசிங்" என்பது பேருந்தில் இடுப்பைப் பிடித்து அழுத்துவதையும் விளையாட்டாக்கிவிடும். பேச்சு வழக்கிலோ "தப்பா நடந்துக்கிட்டான்", "கெடுத்துட்டான்", "வம்பு பண்ணான்", "விட மாட்டேங்குறாரு" என்று மறைமுகமாகவே சொல்வார்கள். ஒவ்வொன்றுக்கும் பொருள் ஊருக்கு ஊர் மாறும். அதனால் குற்றத்தின் பெயரைச் சொல்லாமல் செயலைச் சொல்லிக் கேட்பதே உலகெங்கும் நிலைத்த முறை. குடும்ப நல ஆய்வு கணவனைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்கிறது: நீங்கள் விரும்பாதபோது உடல் பலத்தால் உறவுக்குக் கட்டாயப்படுத்தினாரா; விரும்பாத வேறு பாலியல் செயல்களைச் செய்யச் சொல்லிப் பலவந்தம் செய்தாரா; மிரட்டியோ வேறு வகையிலோ அப்படிச் செய்ய வைத்தாரா. மூன்று கேள்வி என்றால் சொல்வதற்கு மூன்று வாய்ப்பு. ஒரே கேள்வியோடு நிறுத்தும் ஆய்வுகளில் எண் குறைந்துதான் வரும்.

கால அளவும் அப்படித்தான். "கடந்த 12 மாதங்களில்" என்றால் நினைவு வழுக்கும். "போன தீபாவளிக்குப் பிறகு", "ஆடி மாசம் திருவிழாவுக்கு அப்புறம்" என்று நங்கூரம் போட்டால் நிற்கும். வினாத்தாளை ஆங்கிலத்தில் எழுதித் தமிழாக்கும் வழக்கத்தை விட்டு, பத்துப் பெண்களிடம் வாய்மொழியாகச் சோதித்து, "இந்தக் கேள்வியில் நான் என்ன கேட்கிறேன் என்று உங்கள் சொல்லில் சொல்லுங்கள்" என்று கேட்டுத் திருத்துங்கள். பாதிக் கேள்விகள் அங்கேயே உடைந்துவிடும்.

இரண்டாவது தடை வீடு. உலக சுகாதார நிறுவனம் 2001-இல் வெளியிட்ட பாதுகாப்பு வழிகாட்டுதல்கள் இன்றுவரை இத்துறையின் அடிப்படை. ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டுமே இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும். இரண்டு மருமகள்களிடமும் கேட்டால் ஒருவர் வழியே மற்றவர் பேசியது வெளியே வரும். இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகூடப் பக்கத்தில் இருக்கக் கூடாது. சாயங்காலம் அப்பாவிடம் ஒப்பிக்கப் போவது அந்தக் குழந்தைதான். ஆய்வுக்கு வெளிப்பெயர் ஒன்று வேண்டும். இலங்கையில் 2019-இல் நடந்த நாடு தழுவிய ஆய்வு "பெண்களின் நல்வாழ்வு" என்ற பொருள்படும் பெயரில்தான் வாசல்களைத் தட்டியது. ஐந்தில் ஒரு பெண் துணைவரால் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானார் என்ற உண்மை அதில்தான் வெளிவந்தது. பேட்டி கொடுக்கும் பெண்ணிடம் மட்டும் உண்மையான பொருளைச் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும்.

மாமியார் டீ கொண்டு வருவார். அது நடந்தே தீரும். அப்போது புரட்டுவதற்கு வினாத்தாளில் வேறு நிறத் தாள் ஒன்று இருக்க வேண்டும்: மாதவிடாய், ரத்தசோகை, குடிநீர் பற்றிய கேள்விகள். "யாராவது வந்தால் நான் தண்ணீர் பிரச்சினை பற்றிக் கேட்பேன், நீங்களும் அதற்கே பதில் சொல்லுங்கள்" என்று தொடக்கத்திலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். ஒற்றை அறை வீட்டில் தனிமை கிடைக்காது. அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம், நூறு நாள் வேலை முடிந்து திரும்பும் வழி என்று இடம் தேட வேண்டும். தனிமை கிடைக்கவே இல்லை என்றால் அந்தப் பகுதியைக் கேட்காமல் விட்டு, விட்டதைக் குறித்து வைக்க வேண்டும். குடும்ப நல ஆய்வும் அப்படித்தான் செய்கிறது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கி ஒரு நகலைக் கையில் கொடுப்பது நல்ல ஆராய்ச்சி நெறி என்று பல நெறிமுறைக் குழுக்கள் வற்புறுத்துகின்றன. இந்த விஷயத்தில் அந்த நகலே ஆபத்து. பீரோவில் அது அகப்பட்டால் அடி விழும். வாய்மொழி ஒப்புதல், பேட்டியாளரின் கையெழுத்து, இவை போதும் என்று குழுவிடம் விளக்கி முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். உதவி எண்களும் அப்படியே: பெண்கள் உதவி எண் 181-ஐத் தனியாக அச்சடித்துக் கொடுக்காமல் ஆம்புலன்ஸுக்கான 108, மருத்துவ ஆலோசனைக்கான 104, குழந்தைகளுக்கான 1098 எல்லாவற்றோடும் கலந்து ஒரு சுகாதார அட்டையாகக் கொடுக்கலாம்.

பேட்டியாளர் பெண்ணாக இருந்தால் மட்டும் போதாது. அதே தெரு, அதே உறவு வட்டம் கூடாது. கணக்கெடுப்பில் பழுத்த கை என்பதும் தகுதி ஆகாது. உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு ஆய்வில், செர்பியாவில், குறுகிய பயிற்சி மட்டும் பெற்ற தொழில்முறைப் பேட்டியாளர்களைவிட வாரக்கணக்கில் சிறப்புப் பயிற்சி பெற்ற புதியவர்களிடமே பெண்கள் அதிகமாக மனம் திறந்தார்கள். ஒரு நாளைக்கு மூன்று பேட்டிக்கு மேல் வேண்டாம். கேட்பவருக்கும் மனம் இருக்கிறது. வாரம் ஒருமுறை அவர்கள் உட்கார்ந்து பேசவும் அழவும் ஒரு மணி நேரத்தைத் திட்டத்திலேயே, பட்ஜெட்டிலேயே எழுதுங்கள். பெரும்பாலான திட்டங்களில் முதலில் வெட்டப்படும் தொகை இதுதான்.

முகம் பார்த்துச் சொல்லத் தயங்குவோருக்கு வேறு வழிகள் உண்டு. மேற்சொன்ன பன்னாட்டு ஆய்வில் பேட்டி முடிவில் ஒரு சிறு அட்டை கொடுத்தார்கள்: அழும் முகம் ஒன்று, சிரிக்கும் முகம் ஒன்று. சிறுவயதில் பாலியல் தொல்லை நேர்ந்திருந்தால் ஒன்றிலும், இல்லையென்றால் மற்றதிலும் குறியிட்டு மூடிக் கொடுத்தால் போதும். பெரும்பாலான இடங்களில் நேரடிக் கேள்வியைவிட இதில் அதிகம் பேர் சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் ஏற்றது, செலவும் இல்லை. டேப்லெட்டில் ஹெட்போன் மாட்டிக் கேள்வியைக் குரலில் கேட்டு வண்ணப் பொத்தானைத் தொடும் முறையும் நல்லதே. ஆனால் "ஆம்" என்றால் பத்துக் கிளைக்கேள்வி, "இல்லை" என்றால் முடிந்தது என்று நிரல் எழுதியிருந்தால், எதிரில் நிற்பவர் நேரத்தை வைத்தே பதிலைக் கண்டுபிடித்துவிடுவார். இரு பக்கமும் சம அளவு கேள்வி வைக்க வேண்டும்.

இப்போது நாகரிகமாகிவரும் பட்டியல் முறை பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பாதிப் பேருக்கு நான்கு சாதாரண வாக்கியங்கள், மறுபாதிக்கு அதே நான்கோடு வன்முறை பற்றிய ஐந்தாவது. எது எது பொருந்தும் என்று சொல்ல வேண்டாம், எத்தனை பொருந்தும் என்ற எண்ணை மட்டும் சொன்னால் போதும். முதல் குழுவின் சராசரி 1.80, இரண்டாவது 1.92 என்றால் வித்தியாசம் 0.12, அதாவது 12 சதவீதம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் குழுவுக்கு 300 பேர், பதில்களின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து பதில்கள் சிதறும் அளவு) 1 என்று வைத்தால், பிழை எல்லை இருபுறமும் 16 புள்ளிகள். விடை பூஜ்யத்துக்குக் கீழேயும் இருக்கலாம், 28 ஆகவும் இருக்கலாம்! அதே 600 பேரிடம் நேரடியாகக் கேட்டுக் கிடைத்த 12 சதவீதத்துக்குப் பிழை எல்லை 3 புள்ளிகூட இல்லை. குழுவுக்கு 2,000 பேர் இருந்தாலும் பட்டியல் முறையில் 6 புள்ளி ஆடும். யார் பாதிக்கப்பட்டவர் என்று தெரியாததால் எவருக்கும் உதவியும் செய்ய முடியாது. பெரிய ஆய்வுகளில் நேரடிக் கேள்வி எவ்வளவு குறைத்துக் காட்டுகிறது என்று சரிபார்க்க மட்டுமே அது லாயக்கு.

தொலைபேசிப் பேட்டி கொரோனா காலத்தில் பழக்கமானது. ஸ்பீக்கர் போட்டுப் பேசும் வீடுகளும், எல்லா அழைப்பையும் தானாகப் பதிவு செய்யும் கைப்பேசிகளும் இருக்கும் வரை இதில் பாலியல் வன்முறை பற்றி நேரடியாகக் கேட்காமல் இருப்பதே நல்லது.

குழு விவாதம் என்ற பெயரில் சுயஉதவிக் குழுப் பெண்களை வட்டமாக உட்காரவைத்து "உங்களில் யாருக்காவது..." என்று தொடங்குவது இருப்பதிலேயே மோசம். வட்டத்தில் இருக்கும் ஒருவரின் அண்ணன்தான் அந்த ஆளாக இருக்கலாம். குழு விவாதம் மிகப் பயனுள்ள முறை, ஊரார் என்ன சொல் பயன்படுத்துகிறார்கள், எந்தப் பாதை இருட்டு, புகார் கொடுக்க எவ்வளவு தூரம், பஞ்சாயத்தில் என்ன பேசி முடிக்கிறார்கள் என்பதையெல்லாம் அறிய. சொந்த அனுபவத்தை அங்கே யாராவது சொல்லத் தொடங்கினால் மென்மையாக நிறுத்தி, பிறகு தனியே பேச வேண்டும். தனி நேர்காணலிலும் தேவைக்கு மேல் தோண்டக் கூடாது. ஆய்வு மருத்துவமனை நடத்தையைப் பற்றியது என்றால், சம்பவம் எப்படி நடந்தது என்ற கேள்விக்கே அங்கு வேலை இல்லை. அந்தப் பெண் காவலரிடமும், மருத்துவரிடமும், நீதித்துறை நடுவரிடமும், விசாரணை நீதிமன்றத்திலும் அதை ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. பதினைந்து பேரின் ஆழமான நேர்காணல் இதற்குப் போதும். ஒருங்கிணைந்த சேவை மைய (பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒன் ஸ்டாப் சென்டர்) ஆலோசகர்கள், மருத்துவர்கள், வழக்கறிஞர்கள் ஆகியோரிடம் தொடங்கினால் பாதிக்கப்பட்டவர்களை நாடும் தேவையே பல நேரம் குறைந்துவிடும்.

ஆவணங்களில் இருந்து தரவு எடுப்போர் கவனத்துக்கு: வழக்கு எண், தேதி, காவல் நிலையம் மூன்றும் ஒரு வரியில் இருந்தால் பெயரை நீக்கி என்ன பயன்? தேதிக்குப் பதில் ஆண்டு, நிலையத்துக்குப் பதில் மண்டலம் என்று எழுதுங்கள். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவில் இரண்டாண்டு வரை சிறை பெறக்கூடிய குற்றம். "28 வயது, இரு குழந்தைகளின் தாய், பின்னலாடைத் தொழிலாளி" என்ற மேற்கோள் குறிப்பும், ஊர் சிறியதானால், அடையாளமே. பழைய மருத்துவச் சான்றுகளில், பெண் "உறவுக்குப் பழகியவரா" என்று விரல் விட்டுப் பார்க்கும் இருவிரல் பரிசோதனைக் குறிப்பு இருக்கும். உச்ச நீதிமன்றம் 2013-இலும் 2022-இலும் கண்டித்த, சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் தடை செய்யச் சொன்ன நடைமுறை அது. அது இன்னும் நடக்கிறதா என்பதே ஆய்வுப் பொருள் என்றால் ஒழிய, படிவத்தில் அதற்குக் கட்டம் போடாதீர்கள்.

18 வயதுக்குட்பட்டோர் என்றால் போக்சோ சட்டம் 2012-இன் 19-ஆம் பிரிவு ஆய்வாளரையும் விடாது. குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. "நீ சொல்வது நம்மோடு இருக்கும்" என்று பிள்ளையிடம் வாக்குக் கொடுத்துவிட்டு மறுநாள் காவலரோடு போய் நிற்பதைவிடப் பெரிய துரோகம் இல்லை. என்ன தெரிந்தால் யாரிடம் சொல்ல நேரும் என்பதைக் கேள்விக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பதினேழு வயதுப் பெண்ணின் விருப்பமான காதலும் சட்டத்தின் கண்ணில் குற்றம்தான் என்பதால், "உறவு கொண்டதுண்டா" என்ற பொதுக்கேள்விகூட ஒரு பையனைச் சிறைக்கு அனுப்பலாம். ஆண் பிள்ளைகளை விட்டுவிடவும் கூடாது. பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் தொல்லையைச் சொன்னவர்களில் பாதிக்கு மேல் சிறுவர்கள்.

கேள்வி கேட்கும் முன் உதவி எண்ணை நீங்களே ஒருமுறை அழைத்துப் பாருங்கள். எடுக்கிறார்களா, ஞாயிறு இரவு எடுக்கிறார்களா, உள்ளூர் மையத்தில் ஆலோசகர் பணியிடம் நிரப்பப்பட்டிருக்கிறதா? இல்லை என்றால் அந்த ஊரில் அந்த ஆய்வை நடத்தாதீர்கள்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய ஆய்வைச் செய்தியாக்கும்போது சதவீதத்தின் பக்கத்திலேயே நான்கு தகவல்களை அச்சிடுங்கள்: கேட்கப்பட்ட கேள்வியின் சரியான வாசகம், எந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டார்கள், எத்தனை பேரை அணுகி எத்தனை பேர் மறுத்தார்கள், தனிமையில் கேட்டார்களா. இந்த நான்கையும் தர முடியாத ஆய்வாளரின் எண்ணை வெளியிடாமல் திருப்பி அனுப்பிவிடலாம்.

இப்படிக்கு,
கள ஆய்வுப் பயிற்சியாளர்கள் சிலர்,
மதுரை.